மூன்று பூட்டுப் போட்ட படுதா

ஐக்கியமாம், பெரிய ஐக்கியம்! அந்த மினஹாசா மலையூரில் மூன்று சபைகளும் சேர்ந்து சாவு வீட்டு முற்றங்களில் மழைக்குக் கட்டவென்று ஒரு பெரிய படுதா வாங்கின. கிறிஸ்துமஸுக்கு அதன் கீழே மூன்று சபைத் தலைவர்களும் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அதை ஒரு கொட்டகைக்குள் வைத்து, ஒருவரையொருவர் நம்பாமல் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். மூன்று சாவியும் வந்தால்தான் கதவு திறக்கும். வெட்கங்கெட்ட வேலை!

மெய்ஸ்கேயின் புருஷன் நோல்டி செத்துப்போனான். சின்ன வீடு, சவப்பெட்டியை முற்றத்தில்தான் வைக்க முடிந்தது. வானமோ கறுத்துக் கிடந்தது. மழை வந்தால் மனுஷன் நனைந்துபோவானே என்று அவள் சாவிக்காக ஓடினாள்.

புராட்டஸ்டண்டுப் போதகர் லெங்கோங் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "சாவி இருக்கும்மா. அடக்க ஆராதனையை யார் நடத்துறதுன்னு முதல்ல முடிவாகட்டும். நோல்டி பொறந்து வளர்ந்தது எங்க சபைல."

பெந்தெகொஸ்தே பாஸ்டர் வோவோர் விடுவாரா? "ஆத்துல முழுகி ஞானஸ்நானம் வாங்கினது யார்கிட்ட அக்கா? என்கிட்ட! நான் நடத்துறதா இருந்தா சாவி தர்றேன்."

கத்தோலிக்க உபதேசியார் கலாலோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "நீ நம்ம கோயில் பொண்ணு மெய்ஸ்கே. உன்னைக் கேக்காம அவங்களே முடிவு பண்ணா நான் எப்படிச் சாவி தர்றது?"

"என்னை யாரு கேட்டீங்க? கேட்டிருந்தா கதவைத் திறங்கடான்னு சொல்லியிருப்பேன்!"

வெளியே வந்தவள் முகத்தில் முதல் தூறல் விழுந்தது. வீட்டுக்குப் போய் விறகு பிளக்கிற கோடாலியை எடுத்துக்கொண்டு நேரே கொட்டகைக்கு நடந்தாள். மூன்று பூட்டை உடைக்க யாருக்குப் பொறுமை? கதவையே பிளந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு, சாவுச் சாப்பாட்டுக்குப் பன்றிக்கறி கிளறிக்கொண்டிருந்த ஆண்கள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மூன்று சபை ஆட்களும் அதில் இருந்தார்கள். படுதாவை முற்றத்துக்குத் தூக்கிப் போனார்கள். மூங்கில் நட நேரமில்லை, மழை பிடித்துக்கொண்டது. பெட்டிக்கு மேலே விரித்து, ஓரங்களைக் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் அந்த மூன்று பெரிய மனிதர்களும் குடையோடு வந்து சேர்ந்தார்கள்.

"யாரைக் கேட்டு உடைச்சே?" என்றார் லெங்கோங். அதோடு ஆராதனையைத் தொடங்க வேதப்புத்தகத்தையும் திறந்தார். அதைப் பார்த்து வோவோரும் அவசரமாகத் திறந்தார்.

"மூடுங்க!" என்று கத்தினாள் மெய்ஸ்கே. "என் புருஷனுக்கு நான் ஜெபம் பண்ணிக்கிறேன். குடையை மடக்கிட்டு வந்து இந்த ஓரத்தைப் பிடிங்க!"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மூவரும் பிடித்தார்கள். படுதாவில் தேங்கிய தண்ணீர் அவர்கள் சட்டைக் கைக்குள் இறங்கியது.

"கை வலிக்குது மெய்ஸ்கே" என்று முனகினார் கலாலோ. "இன்னும் எவ்வளவு நேரம்?"

அவள் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"மூணு சபையும் ஒண்ணு சேர்ந்து அவருக்குச் செஞ்சது இது ஒண்ணுதான். விட்டுடாதீங்க."