ஒரே கடையில் விற்ற இசைத்தட்டு

வேல்ஸில் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில் கிளெனிஸ் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தாள். நான் அவளிடம் வேலை பார்த்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் லண்டன்காரர்கள் வைத்த ஒரு கருவி இருந்தது. விற்கிற ஒவ்வொரு தட்டின் உறையிலும் உள்ள கோடுகளை அதன் பேனாவால் தடவினால் கணக்கு தொலைபேசி வழியே லண்டனுக்குப் போகும். நாடெங்கும் இப்படிச் சில நூறு கடைகள்தான். அவை அனுப்புவதை வைத்துத்தான் வாராவாரம் எந்த ஆல்பத்துக்கு எத்தனையாவது இடம் என்று பட்டியல் போடுவார்கள்.

வேலை போன சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழு அந்த வசந்தத்தில் ஓர் ஆல்பம் வெளியிட்டது. முன்னால் நின்று கையசைத்து அவர்களைப் பாடவைப்பவர் இட்வால். கடைக்கு முன்னால் மழையில் வரிசை நின்றது. தட்டு ஓட்டும் பெட்டி இல்லாதவர்கள்கூட வாங்கினார்கள். தடவித் தடவி கிளெனிஸின் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

பட்டியல் வந்தது. நூறு இடங்களிலும் அவர்கள் இல்லை.

கிளெனிஸ் லண்டனுக்குப் போன் போட்டாள்.

"ஒரே கடையில இவ்வளவு வித்தா தட்டு போட்ட கம்பெனிக்காரனே ஆள் வச்சு வாங்கினதுன்னு கம்ப்யூட்டர் தள்ளிடும்மா," என்றான் அங்கிருந்தவன்.

"வாங்கினவங்க அத்தனை பேரையும் எனக்குத் தெரியும்யா. வந்து பாரு."

"ஆளுங்களை நாங்க பாக்குறதில்லம்மா. நம்பரைத்தான் பாப்போம்."

மதியம் வேறொரு இசைத்தட்டுக் கம்பெனியின் ஆள் ட்ரெவர் வந்தான். கதையைக் கேட்டுச் சிரித்தான்.

"அட, இதுகூடத் தெரியாதா? நாங்க எங்க தட்டையே கடைக்கு ரெண்டு மூணுன்னு ஊரூராப் பிரிச்சு வாங்குவோம். ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது. நெசமா வாங்கினவன்தான் மாட்டுவான்." இலவசப் பனியன்களை மேசையில் வைத்தான். "இந்த வாரம் நம்ம கம்பெனிப் பாட்டுக்காரப் பையனுக்குக் கொஞ்சம் சேத்துத் தடவி விடுங்க."

"எடுத்துட்டுப் போ ட்ரெவர். இன்னிக்கு உன்னைத் திட்டக்கூடத் தெம்பில்ல," என்றாள் கிளெனிஸ்.

மாலையில் தேவாலயக் கூடத்தில் பயிற்சி. நடந்ததை அவளே போய்ச் சொன்னாள். பின்வரிசையில் நின்ற எம்லின் கேட்டான்: "நீ ஒழுங்காத்தான் தடவினியா கிளெனிஸ்?"

அவள் முகம் செத்துப்போனது.

"வாயை மூடுடா," என்றார் இட்வால். "நீ பாடின லட்சணத்துக்கு அவ கை வீங்கினதுதான் மிச்சம்."

இரண்டொருவர் சிரித்தார்கள். எம்லின் தலையைச் சொறிந்தபடி, "மன்னிச்சுக்கம்மா," என்றான்.

"போகட்டும் விடு. உன் இடத்துல இருந்தா நானும் இதைத்தான் கேட்டிருப்பேன்," என்றாள் கிளெனிஸ்.

இட்வால் கையை உயர்த்தினார். அன்று யாருக்கும் குரல் சரியாக எழவில்லை. இருந்தாலும் நிறுத்தாமல் பாடினார்கள். ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்த கிளெனிஸ் இரண்டாவது பாட்டிலேயே தூங்கிப்போனாள். எழுப்பப் போனேன். பாட்டை நிறுத்தாமலே இட்வால் வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தார்.