சிவலட்சுமியின் குரல்

கமலாட்சியின் கச்சான் தோட்டத்தை, கடலை முற்ற முன்னமே, இரவு யானை உழக்கிவிட்டுப் போயிருந்தது. வேலிக்கரையில் நின்ற பெண்கள் சிவலட்சுமியைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள்.

“வா, வந்து பார்,” என்றாள் கமலாட்சி. “நாய் குலைச்சது. எழும்பி ஆனைப் பெட்டியை அமத்திக் கேட்டனான். உன்ர குரல்தான் சொன்னது, ஒண்ணுமில்ல, படுங்க எண்டு. படுத்திட்டன்.”

“ஆனைக்கும் அது தாலாட்டுப் போல,” என்றாள் பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி.

காட்டோரக் கம்பியில் யானை முட்டினால் கத்துகிற, முட்டாவிட்டால் அமத்திக் கேட்பவருக்கு ஆறுதல் சொல்கிற அந்தப் பெட்டியை வடிவமைத்த சுரேகா, ஊருக்குக் கொடுக்கும் முன் சிவலட்சுமியின் குசினிக்குள் வந்து அடுப்படியில் குந்தியிருந்து கேட்டாள்: பயந்து முழிக்கிற ஆளுக்கு உங்கட ஆக்கள் என்ன சொல்லுவினம்? தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பிராவில் அம்மா நெஞ்சில் கைவைத்துச் சொன்னதைச் சிவலட்சுமி சொன்னாள். கேட்டால் தனக்கே நித்திரை வருகுது என்று சுரேகா அவள் குரலிலேயே பதிந்துகொண்டாள். பெட்டிக்குக் கூர் மூலை கிடையாது, இளம்பச்சை வெளிச்சம். பார்த்தாலே பயம் போகவேணும் என்றாள். அதுவரை தோட்டக்காட்டாள் என்று இவளை ஒதுக்கிய வீடுகளும் இவள் சொல்கேட்டுக் கண்மூடின. அந்தப் பெருமையில் சிவலட்சுமியின் நடையே மாறியிருந்தது.

வேலியோரம் ஒதுங்கிச் சுரேகாவுக்குப் போன் எடுத்தாள்.

“கம்பி அறுந்திருக்கும் அம்மா. கொப்பு ஏதும் முறிஞ்சு விழுந்திருக்கும்.”

“அறுந்தா பெட்டி அதச் சொல்லாதா?”

“அறுந்தது எண்டு சொன்னால் சனங்கள் பயந்து பெட்டியைக் கழட்டி எறிஞ்சிடுங்கள். அதான், அப்பவும் உங்கட குரலே வாற மாதிரி வச்சனான். உங்கட குரல் எண்டால் எல்லாருக்கும் ஆறுதல்தானே.”

“எங்கிட்ட அத சொல்லலியே, புள்ள.”

“சொன்னால் நீங்கள் தந்திருக்க மாட்டீங்கள் அம்மா.”

சிவலட்சுமி போனை இடுப்பில் செருகினாள். களவெடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். இது தேத்தண்ணி ஊற்றி வைத்து, வெட்கப்பட்டு, தன் வாயாலேயே கொடுத்த குரல்.

மற்றப் பெண்கள் கலைந்து போனார்கள். கமலாட்சி மட்டும் பிடுங்குண்டு கிடந்த கச்சான் செடிகளைப் பொறுக்கி உரப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். சிவலட்சுமி கடைசி வரம்பில் குந்தி, ஒரு செடியை எடுத்து மண்ணை உதறினாள். பிஞ்சுகள் இன்னும் வெள்ளையாக இருந்தன. கமலாட்சி நிமிர்ந்து பார்த்தாள். உரப்பையைச் சிவலட்சுமிக்கு எட்டாமல் மற்றப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

சிவலட்சுமி உதறிய செடிகளைத் தன் சீலைத் தலைப்பில் போடத் தொடங்கினாள்.