அட்டைப் பெட்டியில் ஸ்ட்ராபெரி

காலையிலிருந்து பதினோரு பேர் அவள் கடை முன் நின்றார்கள். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, வழக்கம்போல் அடியைப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் அடிப்பழமும் தெரியும். இதில் அட்டைதான் தெரிந்தது. உதட்டைப் பிதுக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

பிளாஸ்டிக்கை விட்டது அவள்தான். போன மழையில் சந்தை வாய்க்கால் அடைத்துக்கொண்டபோது, கைவிட்டு இழுத்த குப்பையில் பாதி அவளும் கணவனும் பழம் விற்ற டப்பாக்கள். மூடியில் அவர்கள் தோட்டத்துப் பச்சை முத்திரை பளிச்சென்று சிரித்தது. கடவுளே நேரில் வந்து பார்த்துவிட்ட மாதிரி அவளுக்குக் கூசிப்போனது. அட்டைப் பெட்டியில் விற்றுப் பார்க்கக் கணவன் ஒரே ஒரு நாள் தவணை கொடுத்திருந்தான்.

"சாயங்காலத்துக்குள்ள இருபது பெட்டியும் போகலேன்னா, நாளையிலேர்ந்து பழைய டப்பாதான்."

மேலே தெரிந்த பழங்களும் காலை வாரின. கோணலும் பொடியுமாக, முகம் கழுவாத பிள்ளைகள் போல இருந்தன.

பன்னிரண்டாவதாக வந்த தையல்காரம்மா, பழத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் போணியே ஆகலையா? ஒண்ணு குடும்மா. ஜாம் காய்ச்சுறதுக்கு மூஞ்சி எப்படி இருந்தா என்ன?"

கால் மணி நேரத்தில் அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். கையில் அதே பெட்டி. வம்புதான் என்று அவள் நினைத்தாள்.

"மேலதான், கண்ணு, வத்தல் தொத்தல். கீழ பாரு, ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம்! வேற யாருக்கோ எடுத்து வச்சதை மாத்திக் குடுத்துட்டியா? இந்தா பிடி. மனசு கேக்கலை."

அவள் இன்னொரு பெட்டியைக் கிளறினாள். அதிலும் அப்படியே. காலையில் பெட்டிகளில் பழம் அடுக்கிய கணவன் பின்னால் வண்டியருகே நின்றான்; அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"எல்லாரும் அடியைத்தானே பாக்குறாங்க? எட்டு வருஷமா நல்லதை அடியிலதான் போடுறேன். கைப்பழக்கம்."

"அட்டைக்குள்ள அடியில இருந்தா யார் கண்ணுக்குங்க தெரியும்?" என்றாள் அவள்.

தையல்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் நீட்டிய பெட்டியை அவள் திருப்பி அவர் பையிலேயே வைத்தாள். "உங்களுக்கு வந்தது உங்களுக்குத்தான்க்கா."

கணவன் அவசரமாக நல்ல பழங்களை மேலே அடுக்கப் போனான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"இப்ப நல்லதை மட்டும் மேல வச்சாலும் அதே ஏமாத்து வேலைதானே? கேக்குறவங்களுக்குத் தட்டுல கொட்டியே காட்டுவோம்."

போகிற வழியெல்லாம் தையல்காரம்மா கதையைச் சொல்லிக்கொண்டே போனார்.

வெயில் சாய்ந்தபோது மூன்று பெட்டிகள் மிச்சமிருந்தன. பழைய டப்பாக் கட்டு வண்டியில் பிரிக்காமலே கிடந்தது. தூரத்தில் யாரோ இந்தப் பக்கம் வருவதைப் பார்த்ததும், அவள் சொல்லாமலே, கணவன் ஒரு பெட்டியைத் தட்டில் கவிழ்த்தான். கோணல், பொடி, பெரிசு எல்லாம் ஒன்றோடொன்று உருண்டு, மஞ்சள் வெயிலில் போய் நின்றன.