நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எல்லாம் நடந்தபடியே நினைவிருக்கிறதென்று சொன்னால் அது பொய். எண்பத்தாறா எண்பத்தேழா என்று கேட்டால் அப்துல் ஸமட் மாஸ்டர் தடுமாறுவார். அன்றைய பள்ளிக்கூட அதிபரின் பெயர் வாயில் வருகிறது, முகம் வருவதில்லை. ஆனால் அந்தப் பெட்டிசத்தை எழுதியது தான்தான் என்பதில் அவருக்கு இம்மியும் சந்தேகமில்லை. அதைத்தான் யாரும் ஏற்றுக்கொள்கிறார்களில்லை.

வினை வந்தது அழகரெத்தினம் மாஸ்டர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நினைவு நூலால். இருவரும் கல்முனையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். உப அதிபர் பதவி காலியானபோது, அழகரெத்தினம் பாட நேரத்தில் வெளியில் ரியூஷன் கொடுக்கிறார் என்று கையொப்பமில்லாத பெட்டிசமொன்று கல்விக் கந்தோர் அதிகாரிகளுக்குப் போனது. அவரைப் பொத்துவிலுக்குத் தூக்கிப் போட்டார்கள். யுத்தத்தால் பாதை மூடிக்கிடந்த காலம். மனைவி செல்லத்தங்கத்தின் முதற் பிரசவத்துக்கு அவரால் வந்துசேர முடியவில்லை. வாடகைக் கார் பிடித்து செல்லத்தங்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் ஸமட். உப அதிபரானவரும் ஸமட்தான்.

'பெட்டிசம் எழுதியவர் நிந்தவூர் அப்துல் கபூர்' என்று நூலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அச்சாகியிருந்தது. கபூரும் அவர்களோடு படிப்பித்தவர். மௌத்தாகி அடக்கிப் பன்னிரண்டு வருடமாகிறது. நாலு பக்கம் தள்ளி, 'உற்ற நண்பன் ஸமட்' என்றொரு அத்தியாயம்.

கபூரின் மகள் சுல்பிகா இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"நான் ஸ்டாஃப் ரூமுக்குள்ள போனாக் கதை நிக்கிது சேர். வாப்பா இப்பிடிச் செஞ்சவரா?"

"இல்ல மகள்."

"அப்ப ஆரு?"

அவர் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். அவள் அவசரப்படவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கிழமையே அவர் தானும் ஒரு நினைவு நூல் எழுத உட்கார்ந்தார். மகள் ஸம்றா கணினியில் அடித்தாள். பிறப்பு, குடிவழி, குர்ஆன் ஓதித்தந்த லெப்பை, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை என்று இப்படியான நூல்களில் வருவதெல்லாம் மளமளவென்று வந்தன. பெட்டிசத்தில் அவள் விரல் நின்றது.

"அல்லாஹ் மறைச்சு வெச்சத நீங்க ஏன் வாப்பா திறக்கிறீங்க? அவன்ட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செஞ்சாக் காணும்தானே."

"தவ்பா எனக்கு. கபூருக்கு?"

"அப்ப 'ஒருவர்' எண்டு போடுங்க. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க."

"ஒருவர் எண்டு போட்டா, கபூர் எண்டுதான் வாசிப்பானுகள்."

அச்சில் போவதற்கு முன் நேரில் சொல்வதுதான் மரியாதை என்று பாண்டிருப்பில் அழகரெத்தினத்தின் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

அழகரெத்தினம் சிரித்தார். "கபூர்ட மகள் வந்து அழுதிருப்பாள். உங்கட மனசு எனக்குத் தெரியாதா மாஸ்டர்?"

"மனசக் கதைக்கல்ல. எழுதினது நான்."

"எழுதினதச் சொல்லுங்க பாப்பம்."

ஸமட் வரி பிசகாமல் சொன்னார்.

"அது என்ட புத்தகத்தில அப்பிடியே கிடக்கே. வாசிச்சிட்டு வந்து ஒப்பிக்கிறீங்க."

"நிந்தவூர்த் தபால் முத்திரை எண்டு எழுதியிருக்கீங்க. நான் போட்டது அட்டாளைச்சேனையில."

"நிந்தவூர்தான். அத வெச்சித்தானே கபூரைப் பிடிச்ச நான். கந்தோர் கிளாக்கர் தந்த கவர் எத்தின வருசம் என்ட அலுமாரிக்குள்ள கிடந்த."

"அந்தக் கவரை எடுங்க."

"சுனாமியில கடல் வந்த நேரம் வீடே போன. கவர் நிக்குமா?"

செல்லத்தங்கம் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். "இவரோட வாதாடி வெல்ல ஏலா. எங்கட கலியாண வருசத்தையும் இப்ப புத்தகத்தைத் திறந்து பாத்துத்தான் சொல்லுறார்."

ஸமட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருடமாக ஒருவர்மேல் வளர்த்த கோபத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடு என்றால் இந்த வயதில் முடிகிற காரியமா? புரிந்தது. புரிந்தும் மேசையில் ஓங்கி அடித்தார். கோப்பை சரிந்தது.

"நம்புங்க மாஸ்டர். உங்கட பிள்ளை பிறக்கக்குள்ள உங்கள அங்க வெச்சிருந்தது நான்."

சிந்திய தேத்தண்ணியை அழகரெத்தினம் தன் சால்வையால் துடைத்தார்.

"எனக்கு மிஞ்சியிருக்கிற சினேகிதன் நீங்க ஒருத்தர்தான்" என்றார். "இனி இதக் கதைக்காதீங்க."

ஸமட்டின் நூல் அந்தப் பக்கத்தோடுதான் வெளிவந்தது. இறந்த நண்பனின் பழியைத் தன் தலையில் ஏற்ற பெருமகன் என்று வெளியீட்டு விழாவில் பேசினார்கள். அவர் எழுந்து மறுத்தார், அதற்கும் கைதட்டினார்கள். அவரை நம்பியவள் சுல்பிகா ஒருத்திதான். அவருக்கு ஸலாம் சொல்வதை நிறுத்திவிட்டாள். அக்கரைப்பற்றுக்கு மாற்றம் எடுத்துப் போய்விட்டாள். அழகரெத்தினம் சென்ற தையில் காலமானார். அவருடைய நூலைப் பிள்ளைகள் ஓரெழுத்தும் மாற்றாமல் மறுபடி அச்சிட்டார்கள். செல்லத்தங்கம் மகனோடு மட்டக்களப்பில் இருக்கிறார். ஸம்றாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது. ஸமட் மாஸ்டர் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து, கல்முனைக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார்.