கடைசிப் படகுக்குச் சொன்ன பதில்

அயோவாவில் டிமாயின் ஆற்றங்கரையில் நாங்கள் மரவீடு கட்டிக் குடியேறிய இரண்டாம் வருடம் அது. எனக்குப் பிள்ளைப்பேறு என்று என் கணவர் ஆசகேலின் தங்கை திர்சா ஒஹாயோவிலிருந்து துணைக்கு வந்திருந்தாள். பத்தொன்பது வயது. சோளக்கஞ்சி கிண்டும்போதுகூடப் பாடுவாள். அவள் வந்த பிறகுதான் அந்த வீட்டில் நான் பயமில்லாமல் தூங்கினேன்.

அக்டோபரில் அவள் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. இருமல் விடவில்லை, வந்துவிடு என்று. அந்த வருடம் நீராவிப் படகு இன்னும் ஒரே ஒரு முறைதான் வரும். அப்புறம் ஆறு உறைந்துவிடும்; ஏப்ரல் வரை வெளியே போக வழி இருக்காது. திர்சா அன்றே பெட்டியைக் கட்டிவிட்டாள். ஆசகேல் மாவு அரைக்க ஆலைக்குப் போயிருந்தார். போனால் பத்து நாள்.

படகு வந்த மதியம் திர்சா வழிதவறிய பசுவைத் தேடி அரை மைல் தள்ளிப் போயிருந்தாள். ஊதல் சத்தம் கேட்டு, கைக்குழந்தையோடு நான் துறைக்கு ஓடினேன். மேல்தட்டிலிருந்து செம்பட்டைத் தாடிக்காரர் ஒருவர் கத்தினார்.

“ஏறுறதுக்கு ஆள் இருக்காம்மா? சட்டுனு சொல்லு, தண்ணி வத்திக்கிட்டே போகுது!”

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் என் கண்முன் வந்துவிட்டது: பனி, ஓநாய்ச் சத்தம், ஆசகேல் வெளியே போகும் நாட்களில் தனியாக நானும் குழந்தையும்.

“யாரும் இல்ல!” என்றேன்.

திர்சா மூச்சிரைக்க ஓடி வந்தபோது வளைவுக்கு அப்பால் புகை மட்டும்தான் தெரிந்தது.

“நிறுத்தவே இல்லையா அண்ணி?”

“எவ்வளவோ கத்தினேன். காதுலயே வாங்கல.”

“பாவிங்க! உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும். உள்ள வாங்க, வெந்நீர் வச்சுத் தர்றேன்.”

ஏப்ரலில் பனி உடைந்து முதல் படகு வந்தது. அதே தாடிக்காரர் ஏறுபலகையை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

“போன தடவை யாரும் இல்லன்னு என்னைத் துரத்திவிட்டியேம்மா! இந்தப் பொண்ணை எங்க ஒளிச்சு வச்சிருந்த?”

ஆசகேல் பெட்டியோடு முன்னால் போய்விட்டதால் அவருக்குக் கேட்கவில்லை. திர்சாவுக்குக் கேட்டது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போனாள்.

ஜூனில் ஆசகேலுக்கு மட்டும் கடிதம் எழுதினாள். அம்மா பிப்ரவரியிலேயே போய்விட்டாளாம். கடைசி வாரம் கதவுச் சத்தம் கேட்டபோதெல்லாம் “திர்சாவா?” என்று கேட்டாளாம்.

“அந்தப் படகுக்காரன் மட்டும் நின்னிருந்தா, பெத்தவ கடைசியா அவ முகத்தையாவது பார்த்திருப்பா” என்று சொல்லி ஆசகேல் அழுதார். நான் ரொட்டிமாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இருபத்தாறு வருடம் கழித்து, ஆசகேலின் அடக்கத்துக்குத் திர்சா ரயிலில் வந்தாள். எல்லோரும் போன பிறகு அடுக்களையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம்.

“திர்சா, அந்த வருஷம் நான்...”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவள் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

“உங்க குடும்பம் உடையக் கூடாதுன்னுதான் நான் சொல்லல அண்ணி. நீங்களாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் சாகுற வரைக்கும் யாரோ ஒரு படகுக்காரனைத் திட்டிக்கிட்டே இருந்தார்.”

மறுநாள் காலை ரயிலடிக்கு என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.