அட்மின் மட்டும் பேசும் குரூப்

தனக்கோடியின் முகம் ஜீவனஹள்ளியில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அவன் விரல் அசைந்தால் நாற்பது வாட்ஸ்அப் குரூப் அசையும். கட்சி கொடுத்த நம்பர், டிபியில் வேட்பாளரின் சிரித்த முகம், பெயர் வெறும் அட்மின். எதிர்க்கட்சிக்காரன் எவனும் நுழைந்து மறுத்துப் பேசிவிடக் கூடாதே என்று அத்தனை குரூப்பையும் பூட்டி வைத்திருந்தான். அட்மின் மட்டும் பேசலாம். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு படிக்கலாம்.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் காபியை ஆற்றிக்கொண்டே ஒன்றைத் தட்டிவிட்டான்: பூத் ஸ்லிப் கொடுக்கும் சாக்கில் வீடு வீடாக வருகிறவர்கள் எதிர்க்கட்சி ஆட்கள், நம் பெயர்களை வாக்காளர் லிஸ்டிலிருந்து வெட்டப் போகிறார்கள், விடாதீர்கள். பச்சைப் பொய்.

கொஞ்ச நேரத்தில் அக்கா சந்திரம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அவள் அங்கன்வாடி டீச்சர். அரசாங்கம் போட்ட தேர்தல் டூட்டியில் அதே தெருக்களில் ஸ்லிப் கொடுத்துக்கொண்டிருந்தாள். குரூப்பில் பதில் போட வழியில்லாமல் தம்பிக்குத் தனியாக எழுதியிருந்தாள்: ‘வீடு வீடா போறது நான்தான்டா. அதை அழிச்சுடு.’

படித்தான். பாவி, படிக்கத்தான் செய்தான். அழித்தால் கட்சி ஆபீசில் கேள்வி வரும், பரவுகிற சூடு ஆறிவிடும். மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தான். கூரையில் நெருப்பை வைத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு அணைக்கலாம் என்பவன் உண்டா? இவன் உண்டு.

பதினோரு மணிக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். மாவு மில் சந்தில் ஒரு பெண்ணை முடியைப் பிடித்து இழுக்கிறார்கள். ஸ்லிப்புகள் சாக்கடையில் மிதக்கின்றன. ஊதாப் புடவை. போன பொங்கலுக்கு அவனே அக்காவுக்கு எடுத்துக் கொடுத்தது.

ஓடினான். சந்தில் முப்பது பேர் இருப்பார்கள். ஒருவன் ஹெல்மெட்டால் அவள் வாயில் அடித்தான், பல் தெறித்தது. இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். தனக்கோடி நடுவில் விழுந்து அவளை மூடிக்கொண்டான். உதைகள் அவன் விலாவில் இறங்கின. இவள் என் அக்கா, அந்தச் செய்தி பொய் என்று கதறினான்.

“பொய்யா? நோடுப்பா, நல்லா பாரு, அட்மினே போட்டிருக்காரு.” ஹெல்மெட்காரன் போனை அவன் மூக்கில் இடித்தான்.

“நான்தான்யா அந்த அட்மின்.”

சிரித்தார்கள். அக்காவைக் காப்பாற்ற அளக்கிறான் என்று மறுபடியும் மிதித்தார்கள். ரத்தம் வழுக்கிய விரலால் அவன் போனில் தட்டினான்: காலையில் போட்டது பொய், அவளை விடுங்கள்.

சந்து முழுக்கச் சட்டைப் பைகள் அதிர்ந்தன. ஒவ்வொருவனாக எடுத்துப் படித்தான். எல்லாக் கண்களும் தனக்கோடியின் கையிலிருந்த போனுக்கு வந்தன. ஹெல்மெட்காரன் அவனை நோக்கி நடந்தான்.

தனக்கோடி அதைப் பார்க்கவில்லை. அக்காவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். கிழிந்த உதட்டால் அவள் மெல்லச் சொன்னாள்:

“நீல டிக் விழுந்துச்சேடா. நீ படிச்சுட்டேன்னுதானே தைரியமா அடுத்த வீட்டுக்குப் போனேன்.”