சீனித்தாய் போட்ட பலகைத்தரை

அடுக்களைத் தரை பார்க்கப் பலகை மாதிரி இருக்கணும், ஆனால் பலகையாக இருக்கக் கூடாது. சீனித்தாய் கேட்டது அவ்வளவுதான். அதற்கு அவள் வீட்டுக்காரர், கருப்பட்டி யாவாரி பால்துரை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிக்கட்டும். கொழும்பில் குண்டு விழுந்த வருசம் கடையைப் பூட்டிவிட்டு ஊர் திரும்புகிற வரைக்கும், ஆறு வருசம் கடை மாடியில் பலகைத்தரையில் நின்று ஆக்கிப்போட்டவள் அவள். பார்க்க என்ன லட்சணம்! தண்ணி பட்டால்தான் வந்தது வினை. இடுக்கில் கழுநீர் இறங்கி மரம் ஊறி, கரையான் குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிட்டது. அந்த அழகு வேண்டும், அந்தச் சீரழிவு வேண்டாம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

தூத்துக்குடியில் இப்போது சொந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. முகப்பு, தூண், வாசல்கதவு எல்லாம் பால்துரை இஷ்டம். அடுக்களையை மட்டும் வாயை விட்டுக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"சரி, ஒன் இஷ்டம். ஆனா சிமெண்டு சர்க்கார் பெர்மிட்டுல ஒருக்காத்தான் கிடைக்கும். கெட்டுப்போச்சுன்னா பொறவு இந்த வீட்டு விசயத்துல நீ வாயத் தொறக்கப்படாது" என்றார்.

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. மரக்கோடு அச்சடித்த லினோலியம் தரைவிரிப்புத் துண்டு ஒன்றைத் துறைமுகத்திலிருந்து வாங்கி வந்தார். விரித்தால் தீர்ந்தது வேலை என்றார். சீனித்தாய் அதன்மேல் கொதிக்கிற கருப்பட்டிப் பாகை ஒரு அகப்பை ஊற்றினாள். ஆறின பிறகு பாகைப் பெயர்த்தால் மரக்கோடும் கூடவே வந்தது. பால்துரை துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

கொத்தனார் மாசானம் சிமெண்டில் செம்பழுப்புப் பொடி கலந்து ஒரு மாதிரிக்கல் போட்டான். நிறம் சரி. ஆனால் கரண்டியால் இழுத்த கோடு வேலிக்கம்பி மாதிரி விறைத்துக் கிடந்தது. சீனித்தாய் உள்ளே போய்ப் பனந்தும்பு நார் ஒரு பிடி எடுத்துத் துடைப்பம் மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"இதால இழுத்துப் பாரும் கொத்தனாரே. கையக் கொஞ்சம் நடுங்கவிடும்."

ஈரச் சிமெண்டில் தும்பு ஓடினதும் மரத்தின் ரேகை அப்படியே எழும்பியது. அங்கங்கே அவளே கட்டைவிரலை அழுத்தித் திருகிக் கணு வைத்தாள். மாசானம் கரண்டியைக் கீழே வைத்தான். "இருவது வருசமா கரண்டி பிடிக்கேன் தாயி. இது எனக்குத் தோணலையே" என்றான்.

அந்தக் கல்லை ஒரு மாசம் பாடாய்ப் படுத்தினாள். உலக்கையைப் போட்டாள், பாகை ஊற்றினாள், மஞ்சளும் புளியும் கரைத்துக் கொட்டினாள். கல் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் தரை போடவிட்டாள். போட்ட தரை காயாமல் எட்டு நாள் தண்ணி கட்டி, பூனையைக்கூட உள்ளே விடாமல் காவல் இருந்தாள்.

பால்துரை வந்து பார்த்தார். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை? வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் வீடு பார்க்க வந்தவர்களிடம் மட்டும், "ரங்கூன் தேக்கு" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

கதவுக்குப் பின்னால் நின்ற சீனித்தாய் காதில் அது விழுந்தது. தேக்காமே, தேக்கு! கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்தவள் இங்கே இருக்கிறாள், பேர் மட்டும் ரங்கூனுக்கா? நாலு பேர் முன்னால் புருசனைப் பொய்யனாக்கவும் மனசு வரவில்லை. அவரே சொல்லவேண்டும் என்று காத்திருந்தாள்.

பால் காய்ச்சுகிற நாள் வந்தது. அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண்தான் புது அடுக்களைத் தரையில் கூட்டின கல்லடுப்பில் தீ மூட்டவேண்டும். ஆறுமுகநேரியிலிருந்து பால்துரையின் அக்கா முத்துக்கனி வந்திருந்தாள். ரங்கூன் தேக்கு அவள் காதிலும் விழுந்திருந்தது. பால்பானையோடு உள்ளே வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏலே தம்பி, தேக்குப் பலகை மேலயா அடுப்புப் பத்தவைக்கச் சொல்லுத? ஒரு கங்கு தெறிச்சாப் போதும். என் கையால தம்பி வீட்டுக்குத் தீ வைக்க மாட்டேன்."

நல்ல நேரம் முடிய அரைமணிதான் இருந்தது. பால்துரை திருதிருவென்று முழித்துவிட்டுச் சீனித்தாயைப் பார்த்தார். அவளோ குனிந்து செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தேக்குன்னு அவுகதானே சொன்னாக மதினி. அவுககிட்டயே கேளுங்க."

பால்துரை அக்கா பக்கம் திரும்பினார். "தேக்கு இல்லக்கா. சிமெண்டு."

"சிமெண்டா? ஆரு போட்டா?"

"மாசானம்."

சீனித்தாய் நிமிரவில்லை. அடுக்கின கல்லையே மறுபடி அடுக்கினாள்.

"போட வச்சது சீனித்தாய்" என்றார் பால்துரை, வாய்க்குள்ளேயே.

"சத்தமாச் சொல்லுங்க. முத்தத்துல நிக்கவங்களுக்குக் கேக்கல" என்றாள் சீனித்தாய்.

"சீனித்தாய் போட்ட தரை! நான் லினோலியம் விரிச்சாப் போதும்னேன், அவ கேக்கல. என் பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்கு இங்கன அடுப்புப் பத்தவைக்க முடியாது. போதுமா?"

முத்துக்கனி உட்கார்ந்து விரல்முட்டியால் தட்டிப் பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள். "ஏளா, கணு கூட வச்சிருக்கியே" என்று சொல்லித் தீயை மூட்டினாள்.

பால் பொங்கிப் பலகைக் கோடுகளின் மேல் வழிந்தது. முற்றத்து ஆட்களெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சீனித்தாய்க்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. துடைக்கத் துணி எடுத்தவள், எல்லோரும் நன்றாகப் பார்த்து முடிக்கட்டும் என்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.